பழங்கதையைப் புதுக்குதலும் கேட்போர் வெகுளியும்

பல்லாயிரம் பேர் நெஞ்சில் வேரூன்றி நிற்கும் பழங்கதை ஒன்றைப் புதிதாக எடுத்துச் சொல்லப் புகுவோன், வெற்றிடத்தில் வீடு கட்டுவோன் அல்லன்; பிறர் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கட்டுவோனே ஆவான். எத்தூண் எடுக்கத் தக்கது, எத்தூணை எடுத்தாற் கூரையே விழும் என்பதை அறிந்தே அவன் கைவைத்தல் வேண்டும். அறியாது கைவைப்பின் உள்ளிருப்போர் கூக்குரலிடுதல் இயல்பேயாம். அக்கூக்குரல் எத்துணை நியாயமுடையது, எவ்வெல்லையில் அது நியாயம் இழக்கின்றது என்பவற்றை, 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு திரைப்படம் பற்றி எழுந்த கலகத்தை முன்வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சினிமாச் செய்தி இப்பத்திரிகைக்கு ஏற்குமோ என்று ஐயுறும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். இக்காலத்துச் சிறுவர் இராமனையும் இராவணனையும் கோயில் மண்டபத்துப் பிரசங்கத்தாற் கேட்டறிவதினும், திரையிற் கண்டறிவதே மிகுதி. முன்னோர் ஏட்டில் வைத்துப் போற்றிய பாத்திரங்கள் எவ்வுருவிற் பிள்ளைகளின் நெஞ்சிற் புகுகின்றன என்பதை நோக்காது, தமிழ் கற்றோரும் சமயங் கற்றோரும் வாளா இருத்தல் தகாது. ஆகலின் ஈண்டு இதனை எழுதத் துணிந்தேன்.

இனி நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவாம். ஓம் ராவுத் என்னும் இயக்குநர் இராமாயணத்தை ‘ஆதிபுருஷ்’ என்னும் பெயரால் இந்தியிலும் தெலுங்கிலும் ஒருங்கே படமாக்கினார். ‘பாகுபலி’ படங்களாற் பெரும்புகழ் எய்திய பிரபாஸ் இராகவனாகவும், கிருத்தி சனோன் சானகியாகவும், சைஃப் அலி கான் இலங்கேசனாகவும், தேவதத்தா நாகே அனுமனாகவும் நடித்தனர். தமிழ் முதலிய பிற மொழிகளிலும் குரல் மாற்றி அது வெளியிடப்பெற்றது. மேனாட்டார் ‘சூப்பர்ஹீரோ’ என்று கூறும் அதிமானுட வீரர்களைப் பற்றி எடுக்கும் படங்களைப் போல, கணினியால் ஆக்கிய காட்சிகளைக் கொண்டு இராமகாதையை இளைஞர்க்குப் புதுக்கித் தருதல் படக்குழுவினர் எண்ணமாய் இருந்தது.

2022 அக்டோபர் 2-ஆம் நாள் அயோத்தியில் முன்னோட்டக் காட்சி வெளியாயிற்று. உடனே வெகுளியும் கிளம்பிற்று. இராவணன் தலைமயிரை ஒட்டக் கத்தரித்துத் தாடியோடு தோன்றுகின்றான்; புட்பக விமானத்தை விட்டு வௌவால் போன்றதொரு பெரு விலங்கின்மேல் வருகின்றான்; அனுமன் தோலாடை போன்றதொன்றை அணிந்துள்ளான்; உருவங்கள் யாவும் விளையாட்டுப் பொம்மைகள் போல் அசைகின்றன என்று பலரும் இகழ்ந்தனர். 2023 சனவரி 12-ஆம் நாள் வரவேண்டிய படம் திருத்தத்தின் பொருட்டுச் சூன் 16-ஆம் நாளுக்குத் தள்ளி வைக்கப்பெற்றது. இராமகாதை சொல்லும் இடமெல்லாம் அனுமன் எழுந்தருள்வான் என்னும் நம்பிக்கை பற்றி, கொட்டகைதோறும் ஓர் இருக்கையை அவனுக்கென ஒழித்து வைப்பதாகவும் படக்குழுவினர் அறிவித்தனர்.

முதன் மூன்று நாளிற் கூட்டம் மிகுதியாயிற்று. அதன்பின் விரைந்து சரிந்தது. இலங்கையில் வாலிற் றீயிடுங்கால் அனுமன் இந்திரசித்தனை நோக்கிக் கூறும் மறுமொழி, தெருச் சண்டையில் ஒருவன் மற்றொருவனுடைய தந்தையை இழுத்துப் பேசும் நடையில் அமைந்திருந்தது. இது பெருங்கொதிப்பை விளைத்தது. உரையாடல் எழுதிய மனோஜ் முந்தஷிர், இக்காலத்தார்க்கு விளங்கவேண்டித் தெரிந்தே எளிய நடையில் எழுதியதாக முதலில் வாதித்தார். சில நாளிலேயே அச்சொற்கள் மாற்றப்பெற்றன. சூலை 8-ஆம் நாள் கைகூப்பி மன்னிப்பும் வேண்டினார். இடையே அவருக்கு மும்பைப் போலீசார் பாதுகாப்பு அளிக்க நேர்ந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் படத்தை ஆக்கினோரையும் தணிக்கை செய்தோரையும் கடிந்துரைத்தது. சீதை பிறந்த சனகபுரி தம் நாட்டில் உள்ளதெனக் கொள்ளும் நேபாளத்தார், அவளை இந்தியாவின் மகள் என்று கூறும் ஒரு சொல்லின் பொருட்டுச் சினந்தனர். காட்மாண்டு நகர மேயர் இந்தியப் படங்களையே தம் நகரில் தடுக்க முற்பட்டார்.

இவ்வளவும் பத்திரிகைகள் வாயிலாக உலகம் அறிந்தது. இக்கலகம் எங்கள் திருவொற்றியூரில் ஒரு குடும்பத்துள் எவ்வாறு புகுந்தது என்பதே யான் அறிந்தது. என்பாற் கம்பராமாயணமும் தேவாரமும் பாடங் கேட்கும் உடன்பிறந்தார் இருவர் உளர். தந்தையார் காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் வலை பழுதுபார்த்துப் பிழைப்பவர். மூத்தவன் எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகத்தில் கண்டெய்னர்ப் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலையினன். இளையவன் கல்லூரி மாணாக்கன். மூத்தவன் பிரபாஸ்மேல் அளவிறந்த பற்றுடையான். படம் வெளியான கிழமையில் அவனே தன் கூலிப் பணத்தில் மூவர்க்கும் சீட்டு வாங்கி எம்மை அழைத்துச் சென்றான்.

கொட்டகையை விட்டு வெளிப்போந்த அளவிலே இளையவன் பொங்கினான். இஃது இராமாயணமே அன்று. இதனைக் கைதட்டிப் பார்ப்பவனும் இராமாயணம் அறியாதவனே என்று பலர் கேட்பக் கூறினான். மூத்தவன் முகம் வாடிற்று. அன்று முதல் இருவரும் பேச்சொழிந்தனர். தம்பியைக் காணாதிருக்க வேண்டித் தமையன் இரவு வேலையையே கேட்டு வாங்கிக் கொண்டான்; பாடத்திற்கு வருதலையும் நிறுத்தினான். உடன்பிறந்தார் அன்பையே உயிராகக் கொண்ட காப்பியத்தின் பொருட்டு உடன்பிறந்தார் இருவர் பிரிந்தனர் என்பது என் நெஞ்சை வருத்திற்று. அவர் தாயார் ஒரு நாள் வந்து, “ஐயா, ஒரே சோற்றுப் பானையில் இரண்டு வேளையாக உண்கிறார்கள்; தாங்கள் சொன்னால் கேட்பார்கள்” என்று கண் கலங்கினார்.

யான் மூத்தவனை வரவழைத்தேன். வந்தவன் என்னையே ஒரு கேள்வி கேட்டான். “ஐயா, வான்மீகி சொன்னதைக் கம்பர் எங்கெங்கே மாற்றினார் என்று தாங்களே பாடம் சொன்னீர்கள், மாற்றிய இடமெல்லாம் அழகு என்றும் சொன்னீர்கள். கம்பர் மாற்றினால் கவி. இவர்கள் மாற்றினால் பாவியா? இது என்ன நியாயம்?” என்றான். அவன் வினா வெறும் இரசிகனின் பிடிவாதம் அன்று. நூற்கல்வியின் நடுவிடத்தைத் தொடும் வினா அது. அதற்கு விடை கூறாது இருவரையும் சேர்த்து வைத்தல் மேற்பூச்சாகவே முடியும் என்று கருதி, மறுநாள் இளையவனையும் உடன் வைத்துக்கொண்டு யான் கூறியவற்றையே இனி இங்கு விரித்துரைக்கின்றேன்.

முதலாவது, மாற்றிச் சொல்லுதல் தானே குற்றம் அன்று. நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினர் நம் இலக்கண ஆசிரியர். முன்னோன் நூலின் முடிபை ஒத்துக்கொண்டு, பின்னோன் தனக்கு வேண்டும் வேறுபாடு கூறுதற்கு வழிநூலில் இடங்கொடுத்தனர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அதன் வகைகளையும் எண்ணினர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் 11 பாடல்களில் அருளிய திருத்தொண்டத் தொகையை, நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்தார். சேக்கிழார் பெருமான் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் விரித்தார். பெரும்பற்றப்புலியூர் நம்பியும் பரஞ்சோதி முனிவரும் ஆலவாயண்ணலின் திருவிளையாடல்கள் 64-ஐயும் தனித்தனியே பாடினர். இரு நூலிலும் கதைகளின் முறைவைப்பு வேறுபடுகின்றது. அது பற்றி எவரும் எந்நூலையும் எறிந்திலர்.

கம்பர் செய்த மாற்றமோ இவற்றினும் பெரிது. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கின்றான். கம்பர் அதனைத் தமிழ் மக்கள் செவி பொறாதெனக் கண்டு, அவளைத் தீண்டாமல் பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று பாடினார். வான்மீகியார் விரித்துப் பாடாத இரணியன் வதைக்கு ஒரு படலமே வகுத்தார். திருவரங்கத்தில் அரங்கேற்றிய காலத்து அப்படலத்தின்மேல் மறுப்பு எழுந்ததென்றும், ஆங்குள்ள நரசிங்கப் பெருமானே தலையசைத்து அதனை ஏற்றருளினார் என்றும் செவிவழி வரலாறு கூறும். எங்கள் ஒற்றியூரிலோ, கம்பர் இரவில் இராமகாதை எழுதுங்கால் வட்டப்பாறை அம்மன் தீவட்டி ஏந்தி ஒளி காட்டினாள் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. மாற்றிப் பாடியவர்க்குத் தெய்வமே விளக்குப் பிடித்தது என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லுமாயின், மாற்றத்தையே வெறுத்தல் தமிழர் மரபன்று என்பது தெளிவாம். இவ்வளவில் மூத்தவன் கட்சி வலியுடையது.

அற்றேல் ‘ஆதிபுருஷ்’ இகழப்பட்டது ஏன் எனின், மாற்றம் விழுந்த இடத்தை நோக்கியே அதற்கு விடை காணல் வேண்டும். கதையில் உடை, ஊர்தி, காட்சி முறை, நிகழ்ச்சி வரிசை என்பன புறம். பாத்திரத்தின் பண்பு அகம். புறத்தை மாற்றுவோன் கேட்போர் கண்ணுக்குப் பழக்கம் இன்மையால் முதலில் இகழப்படுவான். செய்தது நன்றாயின் நாளடைவில் ஏற்கப்படுவான். அகத்தை மாற்றுவோன் கேட்போர் நெஞ்சிற் குடியிருக்கும் ஒருவரைக் கொன்றவன் போல் ஆகின்றான். கம்பர் நிலத்தோடு பெயர்த்தது நிகழ்ச்சியை மாற்றியது; சீதையின் தூய்மை என்னும் பண்பை அது மேலும் காத்தது. முதலாசிரியன் எய்த கருதிய இலக்கையே கம்பர் வேறு வில்லால் எய்தார்.

அனுமன் பேச்சை இவ்வுரைகல்லில் வைத்துக் காண்க. கம்பர் காட்டும் அனுமனுக்கு வலிமையினும் முற்பட்ட சிறப்புச் சொல்வன்மை. இராமன் அவனை முதன்முதற் கண்டபோது வியந்தது அவன் தோளை அன்று, அவன் சொல்லையே. ‘சொல்லின் செல்வன்’ என்னும் பெயரே அவனுக்கு நிலைத்தது. கட்டுண்டு இராவணன் அவையில் நின்றபோதும் அவன் அறமே எடுத்துரைக்கின்றான். அவ்வாயில் தெருச்சொல்லை வைத்தது, எளிய நடைக்கு மாற்றியதாகாது. அனுமனையே நீக்கி அவ்விடத்தில் வேறொருவனை நிறுத்தியதாகும். எளிமை வேறு, இழிவு வேறு. கற்றறியாத தாய்மார்க்கும் விளங்கக் கதை சொன்ன பிரசங்கிகள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்கள் வாயில் அனுமன் எளிமையாய்ப் பேசினானேயன்றி இழிவாய்ப் பேசியதில்லை. படக்குழுவினரும் ஈற்றில் இதனை உணர்ந்தே போலும், ஆடையை விட்டுச் சொல்லையே மாற்றினர்.

இராவணன் திறமும் இத்தகையதே. சைவர் செவிக்கு அவன் வெறும் அரக்கன் அல்லன். திருஞானசம்பந்தப் பெருமான் பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாடலில் அவனை நினைவு கூர்கின்றார். கயிலையை எடுக்கப் புக்கு, விரலால் ஊன்றப் பெற்று, அலறி, பின் இசை பாடி அருள் பெற்றவன் அவன். செருக்கும் பத்தியும் ஒருங்கே உடையான் வீழ்கின்றான் என்பதே அவன் கதையின் அவலம். 1958-இல் கே. சோமு இயக்கி வெளிவந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ என்னும் தமிழ்ப் படத்தில் டி. கே. பகவதி இராவணனாக வீணையோடு தோன்றினார், சி. எஸ். ஜெயராமன் குரல் அவனுக்கு இசையாயிற்று. என் இளமையில் காவிரிக்கரைக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் அதனைக் கண்டபோது, இவ்வளவு பெரியவன் கெடுகின்றானே என்று அருகிலிருந்த முதியவர் வாய்விட்டு வருந்தியதை யான் கேட்டேன். பகைவன் பெரியனாய இடத்தன்றோ தலைவன் வெற்றி பெரிதாம்? இராவணனை அச்சுறுத்தும் உருவாக மட்டும் காட்டுவோர் இராமன் புகழையே குறைக்கின்றனர் என்க.

இவ்வுண்மை நம் நாட்டுக் காப்பியங்களுக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து நகரத்து இளைஞராகிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இருவர் 1938-இல் ‘சூப்பர்மேன்’ என்னும் வீரனைப் படக்கதையில் தோற்றுவித்தனர். 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டனர். அழியும் உலகம் ஒன்றிலிருந்து பெற்றோரால் அனுப்பப்பெற்று, உழவர் வீட்டில் வளர்ந்து, தன் பேராற்றலை எளியோரைக் காத்தற்கே பயன்படுத்தும் ஒருவன் கதை அது. அது கற்பனையே, தெய்வ வரலாறு அன்று. ஆயினும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அவனை விரும்பி வருகின்றனர். ஒவ்வொரு தலைமுறையிலும் அவன் கதை திரையில் புதுக்கப்படுகின்றது.

2013-இல் ஸாக் ஸ்னைடர் இயக்கி ஹென்றி கேவில் நடித்த படத்தில், அவ்வீரன் ஒரு குடும்பத்தைக் காக்கும்பொருட்டுப் பகைவன் கழுத்தை முறித்துக் கொல்கின்றான். கொல்லாமையே இவன் இயல்பு என்று கொண்டிருந்தோர் உள்ளம் புண்பட்டது. 2025 சூலை 11-ஆம் நாள் ஜேம்ஸ் கன் இயக்கத்தில், டேவிட் காரன்ஸ்வெட் நடிக்க, மீண்டும் ஒரு புதுப்படம் வந்தது. அதில், பெற்றோர் விடுத்த செய்தியின் பிற்பகுதி, பூமியில் உள்ளாரை அடக்கி ஆள்க என்று அவனுக்குக் கூறுவதாக அமைத்தனர். பெற்றோரின் பண்பை மாற்றியது பற்றிப் பெரு வழக்கு எழுந்தது. இதே படத்தின் ஆடையில், பழைய சிவப்பு அரைக்கச்சையை மீட்டும் சேர்த்தது பற்றியும் முன்பு வாதம் நிகழ்ந்தது; படம் வந்தபின் அதனைப் பேசுவார் அரியர். ஆடை பற்றிய வழக்குத் தணிந்தது. பண்பு பற்றிய வழக்கு நின்றது. அயலார் இரசிகரும் நம்மவரும் ஒரே இடத்திற் புண்படுகின்றனர் என்பது இதனாற் புலனாம்.

இதுகாறும் கூறியது கதை சொல்வோர் பிழை பற்றியது. இனிக் கேட்போர் பிழையும் ஆராயத் தக்கது. இளையவன் முகம் இவ்விடத்திற் சற்றே மாறியதை யான் கண்டேன்.

கேட்போர் மறுப்புக் கூறுதல் நம் மரபில் அரங்கேற்றத்தின் ஓர் உறுப்பு. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்திற் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கிய அன்றே, முதற் சொல்லின் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று அவையில் ஒருவர் தடுத்தார் என்பர். வீரசோழியத்தில் விதி காட்டப்பெற்றதும் அவை அமைந்தது. மறுத்தவர் இலக்கணம் கேட்டார். விடையும் இலக்கணமாகவே வந்தது. கம்பரும் தம் நூலுக்குமுன் அவையடக்கம் கூறி, பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைத் தாழ்த்திக்கொண்டார். சொல்வோனிடத்துப் பணிவும் கேட்போனிடத்து ஆய்வும் கூடிய அவை அது.

2023-இல் நிகழ்ந்தது யாது? அனுமனுக்கு ஒழித்து வைத்த இருக்கையில் அமர்ந்தான் என்று ஐதராபாத்துக் கொட்டகை ஒன்றில் ஒருவன் தாக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்நகரிலேயே, படம் நன்றாக இல்லை என்று கூறிய மற்றொருவன் நடிகரின் இரசிகர்களால் தாக்கப்பட்டான் என்றும் செய்தி வந்தது. படத்தைப் பழித்தோர் கூட்டம் உரையாடல் எழுதியவர் உயிர்க்குக் காவல் வேண்டும் அளவிற்கு அச்சம் விளைத்தது. ஆக, படத்தைக் காப்பவரும் அடித்தனர்; பழிப்பவரும் அச்சுறுத்தினர். இராமன் தூதனாய்த் தன்னை என்றும் தாழ்த்தியே நின்றவன் பெயரால் ஒரு நாற்காலிக்காக ஓர் ஏழையை அடித்தல் எவ்வகைப் பத்தி? அவ்விருக்கையில் அனுமனே அமர்ந்திருந்தானாயின், எழுந்து அவ்வேழைக்கு இடங்கொடுத்திருப்பான்.

இதன் வேர் யாதெனின், அன்பு உடைமையாக மாறுதலே. “என் தலைவனை இப்படிக் காட்டலாமா?” என்னும் சொல்லில் ‘தலைவன்’ என்பது ஒடுங்கி ‘என்’ என்பது ஓங்கி நிற்கின்றது. யான் எனது என்னும் செருக்கு வீட்டிலும் பொருளிலும் மட்டும் ஒட்டுவதன்று. வழிபடு பொருளிலும், விரும்பும் நடிகனிலும், படித்த நூலிலும் ஒட்டும். நூலறிவின்மேல் ஒட்டிய செருக்கைக் கண்டறிதல் மிக அரிது. அது நியாயத்தின் உடை உடுத்து வருதலான் என்க. அன்பு புண்பட்டால் வருந்தும், காரணம் கூறும், ஒதுங்கும். உடைமை புண்பட்டாலோ பிறனைப் புண்படுத்தும்.

அயல்நாட்டில் இதற்கு ஒரு நல்ல எதிர்க்காட்டும் உண்டு. 2017-இல் மேற்கூறிய ஸ்னைடர் தம் மகளை இழந்த துயரால், எடுத்துக்கொண்டிருந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ என்னும் படத்தினின்று விலகினார். அது பிறரால் முடிக்கப்பெற்றது. அவர் எண்ணியவாறே அப்படத்தை வெளியிடுக என்று இரசிகர் பலர் ஆண்டுக்கணக்காக வேண்டினர்; 2021 மார்ச்சு 18-ஆம் நாள் அது வெளியாயிற்று. அவ்வியக்கத்துட் கடுஞ்சொல் பேசினோரும் இருந்தனர். ஆயினும் அதே இரசிகரிற் பலர் தற்கொலைத் தடுப்புக்கென ஐந்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அளித்தனர். ஒரு படத்தின்மேல் வைத்த பற்று, முன்பின் அறியாத உயிர்களைக் காக்கும் அறமாக ஓடிற்று.

இவ்வளவும் கேட்டபின் மூத்தவன், “ஐயா, அனுமன் பேச்சுத் தவறு என்பதை ஒப்புகின்றேன். ஆனால் ஒன்று கூற வேண்டும். இரவு வேலையில் என்னுடன் இருப்பவர் நால்வர்; அவர்களில் இராமாயணம் படித்தவர் எவரும் இல்லை. இப்படத்தைப் பார்த்து வந்து, ‘அந்தப் பறவை யார்? ஏன் ஒரு பெண்ணுக்காக உயிரை விட்டது?’ என்று என்னைக் கேட்டார்கள். தேநீர் வேளையில் சடாயு கதை முழுவதும் சொன்னேன். இராமன் அவனைத் தந்தையாக எண்ணி ஈமக்கடன் செய்தான் என்றபோது ஒருவர் அழுதுவிட்டார்” என்றான். இது கேட்டு இளையவன் நெடுநேரம் பேசாதிருந்தான், பின்பு, “எந்தப் பாட்டைச் சொன்னாய், அண்ணா?” என்று கேட்டான். அவர்கள் மீண்டும் பேசிய முதற் சொல் அதுவே.

யான் அப்படத்தை இதனால் நல்லதென்று கூறவில்லை. பிழையுடைய படமும் ஒருவன் உள்ளத்திற் கேள்வியை எழுப்பக் கூடும். அக்கேள்விக்கு அருகிருந்து விடை கூறும் ஒருவன் இருப்பின், அப்பிழையினூடேயும் பழங்கதை தன் பயனைத் தரும் என்பதே யான் கண்டது. திரையைப் பழித்து வீட்டில் இருக்கும் புலவனினும், துறைமுகத்துத் தேநீர்க் கடையில் சடாயு கதை சொன்ன அவ்விளைஞன் கம்பர்க்கு மிக்க தொண்டு செய்தான்.

இராமகாதை திரையில் இன்னும் வரும். ரண்பீர் கபூரும் சாய் பல்லவியும் நடிக்கும் புதியதோர் இராமாயணம் இரண்டு பகுதிகளாக 2026, 2027 தீபாவளிகளில் வெளியாகும் என்று 2024 நவம்பரில் அறிவித்தனர். நாயன்மார் வரலாறுகளும் இவ்வாறே புதுக்கப்படும் நாள் வாராதிராது. அன்று நாம் செய்யத்தக்கன மூன்று. படத்தைக் காணுமுன் மூலநூலை ஒருகால் வீட்டிற் படித்தல் வேண்டும். பிள்ளைகளையும் அருகிருத்திப் படித்தல் மிக நன்று. கண்டபின், மாறியது புறமோ பண்போ என்று பகுத்து நோக்கல் வேண்டும். புறமாயின் பொறுத்தலும், பண்பாயின் காரணங் காட்டி மறுத்தலும் தகும். மறுக்குங்கால், எதிரில் நிற்பவன் விரும்பும் ஒன்றை நாம் பழிக்கின்றோம் என்னும் நினைவோடு சொல்லை அளந்து பேசுதல் வேண்டும். அனுமன் வாயில் இழிசொல்லைப் பொறாத நாம், நம் வாயில் அதனைப் பொறுத்தல் எவ்வாறு?